ராஜா சொன்னால்தான் இறங்கும்

சூசைராஜ் அண்ணன் வாயைத் திறந்தால் முப்பது டன் ரயில் பெட்டி தரையை விட்டு எழும்பும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் அவருக்கு அதுதான் வேலை. மேலே கூரையை ஒட்டி கிரேன் ஓடும். அதன் கூண்டுக்குள் யாதகிரி என்கிற ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பான். கீழே கலாசிகள் பெட்டியின் நாலு மூலையிலும் கம்பி வடத்தை மாட்டிவிட்டு விலகுவார்கள். கலாசி மேஸ்திரியான அண்ணன் நடுவில் நின்று, "யாதகிரி, தூக்கு ராஜா!" என்று ஒரு குரல் கொடுப்பார். பெட்டி எழும்பும். "யாதகிரி, மெல்ல இறக்கு ராஜா!" என்பார். பெட்டி வந்து சக்கரத்தின் மேல் சத்தமில்லாமல் உட்காரும். யாதகிரி தெலுங்கு ஆள். ஆனாலும் அண்ணனோடு வேலை செய்து செய்து அந்த நாலைந்து தமிழ் வார்த்தை அவனுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

அந்த ராஜா கொஞ்சலுக்குச் சொல்கிற ராஜா இல்லை. அங்கே சுத்தியல் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் தும்மினாலும் கேட்காது. அதனால் முதலில் பெயர், அவன் காதைத் திருப்புவதற்கு. அப்புறம் உத்தரவு. கடைசியில் ராஜா. ராஜா வந்தால் உத்தரவு முடிந்தது, இனி கை வைக்கலாம் என்று அர்த்தம். ராஜா வராமல் யாதகிரி லீவரைத் தொடமாட்டான். பாதி உத்தரவில் தொட்டால் கீழே இருப்பவன் நசுங்கிப்போவான். சில நாள் குரலே எடுபடாத அளவுக்கு இரைச்சல் இருக்கும். அன்றைக்குச் சைகைதான். கட்டைவிரலைத் தூக்கினால் தூக்கு. முஷ்டியைக் காட்டினால் நிறுத்து. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை மெல்ல அமுக்கினால் இறக்கு. சைகையில் ராஜா கிடையாது. அதனால் எந்தச் சைகையையும் மூன்று தரம் பார்த்த பிறகுதான் யாதகிரி அசைவான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப்தான். அண்ணனின் தாத்தாவும் என் தாத்தாவும் அரக்கோணத்திலிருந்து ஒரே ரயிலில் வந்தவர்கள். நான் குணசேகரன். ரயில்வேயில் இடம் கிடைக்காமல் ஒரு இண்டிகா கார் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவர் வீட்டில் பேசுவது என் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பவளுக்குக் கேட்கும். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வாசகம் அவர்தான் வாசிப்பார். மைக் வேண்டாம் என்று கையாலேயே தள்ளிவிடுவார்.

இரண்டாயிரத்துப் பத்து ஜூனில் அண்ணன் ரிட்டயர் ஆனார். ஆன மறுநாளே வீட்டில் உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். "மரியபுஷ்பம், டீ போடு ராஜா." "மரியபுஷ்பம், ஃபேனை நிறுத்து ராஜா." அண்ணி பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏன்டா குணா, உங்கண்ணனை எங்கியாவது இட்டுகினு போ. என்னை கிரேன்னு நெனச்சிகினு கீறாரு" என்றாள்.

இட்டுக்கொண்டு போக இடம் கொடுத்தது அவர்கள் மகள் ஸ்டெல்லா. ஒரே மகள். பி.காம். முடித்து, மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். காலை ஏழு மணிக்கு கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனால், ராத்திரி ஒன்பதுக்குக் கொண்டுவந்து போடும். நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

"டாடி, இனிமே வர்ற கார்ல ஸ்விட்ச் எல்லாம் தேவையே இல்ல. வாயால சொன்னா போதும். ஏசி போடு, ஜன்னலை இறக்கு, வீட்டுக்கு ஃபோன் பண்ணு. காரே செய்யும்."

"ஏன், கார் ஓட்றவனுக்கு கை இன்னா ஆச்சு?" என்றார் அண்ணன்.

"கை ஸ்டீயரிங்ல இருக்கும் டாடி. சேஃப்டி. அந்தக் காருக்கு நம்ம ஆளுங்க பேசறது புரியணும்ல? அதுக்கு நிறைய பேர் குரல் வேணும். எங்க கம்பெனி அதான் சேர்க்குது. தமிழுக்கு அறுபது வயசு ஆம்பளைக் குரல் கிடைக்கவே இல்ல. நீ வர்றியா?"

அண்ணன் எலும்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டேய் குணா, கேட்டியா? ரிட்டயர் ஆனாலும் என்னை உடமாட்றானுங்க. கிரேனுக்கு அப்பறம் காரு."

"காரு சின்னதுணா. மெல்லமா கத்து. பயந்துடப் போவுது" என்றேன்.

கார் என்னுடையதையே எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு மேலே, டேஷ்போர்டில், கண்ணாடியைத் தாங்கும் இரண்டு பக்கத் தூணிலும் மைக் ஒட்டினார்கள். பின் சீட்டில் ஒரு லேப்டாப். தட்டிவிட்டால் பதிவாகும், மறுபடி தட்டினால் நிற்கும். அது என் பொறுப்பு. புதன்கிழமைதோறும் அண்ணனின் முறை. நாச்சாரம் ஃபேக்டரி ரோட்டில் குண்டும் குழியுமாக ஒரு தடவை, லாரிச் சத்தத்துக்காக. தார்நாகா சிக்னலில் ஹாரனுக்கு நடுவில் ஒரு தடவை. கடைசியாகச் சைனிக்புரி. அங்கே மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வீடுகள். நாய்கூடக் கேட்டுவிட்டுத்தான் குரைக்கும். ஒரு வேப்பமரத்தடியில் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். டிரைவர் மூச்சுவிடும் சத்தமும் கூடாதாம். லேப்டாப்பைத் தட்டிவிட்டு நான் இறங்கி முப்பதடி தள்ளி நிற்பேன். அண்ணன் கண்ணாடிக்கு உள்ளே தனியாக உட்கார்ந்து, தமிழில் அச்சடித்த பட்டியலை முழுதும் வாசிப்பார். அது ஒரே நீளப் பதிவு.

முதல் வாரமே தகராறு வந்துவிட்டது. ராத்திரி ஸ்டெல்லாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"டாடி, ராஜா நக்கோ, வேணாம்! லிஸ்ட்ல ராஜா எங்க இருக்கு? 'ஜன்னலை இறக்கு', அவ்ளோதான். நீ 'ஏம்பா காரு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கு ராஜா'ன்னு சொல்றே. ஒவ்வொரு ஃபைல்லயும் முன்னாடி பின்னாடி கட் பண்ணிக் கட் பண்ணி என் விரலே போச்சு."

"ராஜா சொல்லலன்னா அதுக்கு எப்படிம்மா தெரியும், முடிஞ்சிதுன்னு?"

"அது மெஷின் டாடி!"

"கிரேனும் மெஷின்தான். மேல ஆளு இருந்தான்ல."

அண்ணன் விடவே இல்லை. ஸ்டெல்லாவும் வெட்டிக்கொண்டே இருந்தாள். அவள் வேலையே அதுதான். ஒரு நாளைக்கு முந்நூறு பதிவு கேட்பாள். நல்லதை எடுத்து, பட்டியலில் இருக்கும் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நறுக்கிவிடுவாள். நறுக்கியதும் மூலப் பதிவு போய்விடும். குரல் சரியில்லாத பதிவை நறுக்கவேண்டிய தேவையே இல்லை. சிவப்பு பட்டனை அமுக்கி ரிஜெக்ட் என்று தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம்.

சைனிக்புரி மரத்தடியில் இன்னொன்றும் நடந்தது. பட்டியல் முடிந்த பிறகு அண்ணன் மைக்கைப் பார்த்து மகளுக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்தார். "ஸ்டெல்லா, வரும்போது பிரெட் வாங்கினு வா ராஜா." அவள் மறுநாள் ஆபீசில் அதைக் கேட்பாள். சாயங்காலம் தார்நாகா பேக்கரி பிரெட்டோடு சிரித்துக்கொண்டு வந்து இறங்குவாள். "பெரிய ஆளு டாடி நீ. ஹெட்ஃபோன்ல ஆர்டர் போடற. பக்கத்து சீட்டுப் பொண்ணுங்க எல்லாம் கேட்டுட்டுச் சிரிக்குது" என்பாள். அண்ணனுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். "நான் இன்னா சொன்னாலும் உன் காதுக்கு வந்துடுமா?" என்று கேட்டார். "ஹவ் டாடி, ஆமா, ஒவ்வொண்ணும் கேப்பேன். அதான் என் டியூட்டி" என்றாள். எனக்கு எதிரில்தான் சொன்னாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் பிரெட், உஸ்மானியா பிஸ்கட், ஒரு தடவை ஷேவிங் பிளேடு என்று எல்லாம் அந்த வழியில்தான் வீட்டுக்கு வந்தது. வீட்டில் அவளைக் கண்ணால் பார்ப்பதே ராத்திரி சோறு தின்கிற அரைமணி நேரம்தான். அதனால் மைக்கில் சொல்வதுதான் அவருக்கும் சுலபமாக இருந்தது.

பிப்ரவரியில் அண்ணனுக்குத் தொண்டை கட்டியது. பனி என்றேன் நான். பீடி என்றாள் அண்ணி. ஸ்டெல்லா சுடுதண்ணி குடிக்கச் சொன்னாள். "குரல் கரகரன்னு வருது டாடி, நிறைய ரிஜெக்ட் ஆவுது. புதன்கிழமைக்கு முன்னாடி கத்தாதே" என்றாள். நானும் என் பங்குக்கு மிளகு மிட்டாய் வாங்கி டேஷ்போர்டில் வைத்தேன். அந்த மாதம் முழுக்க அண்ணன் பிரெட் கேட்கவில்லை. வாசித்து முடித்தால் போதும் என்று இருந்தார். வீடு திரும்பும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வார். இத்தனை பேசுகிற மனுஷன் பேசாமல் வந்தால் எனக்காவது உறைக்க வேண்டாமா? ரிட்டயர் ஆனவர், அசதி என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் ஒன்பதாம் தேதி புதன்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருநீற்றுப் புதன். அண்ணன் காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்து காரில் ஏறினார். சைனிக்புரியில் வெயில் சுள்ளென்று இருந்தது. நான் இறங்கித் தள்ளி நின்றேன். பட்டியல் முடிந்து பேப்பரை மடியில் வைத்தார். அதற்கப்புறமும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. வழக்கமான பிரெட்டுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. தவக்காலம், செபம் சொல்கிறார் போல என்று நினைத்துத் தொந்தரவு பண்ணாமல் நின்றேன். கதவைத் திறந்தவுடன், "இன்னாணா, பிரெட்டா பிஸ்கட்டா?" என்று கேட்டேன்.

"ஒருசந்தி, நோன்பு நாளு. பிரெட் ஏதுடா" என்றார். குரல் பாதிதான் வந்தது.

அடுத்த புதனும் அப்படித்தான் வாய் அசைந்தது. கொஞ்ச நேரம்தான். அதற்கடுத்த புதன் அசையவில்லை. அன்றைக்கு நாச்சாரம் ரோட்டில் வாசித்துக்கொண்டு வரும்போது எனக்கே ஆச்சரியம். "ஜன்னலை இறக்கு. ஏசியைப் போடு. சத்தத்தைக் குறை." பெயரும் இல்லை, ராஜாவும் இல்லை. மொட்டையாக வாசித்தார்.

"அட்ரா சக்கை! நாலு மாசம் கழிச்சிக் கத்துக்கினியா ணா? உம் பொண்ணு பாயாசம் வெச்சிக் குடுப்பா" என்று கைதட்டினேன்.

அண்ணன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "ஆமாண்டா. மேல ஆளு இல்லல்ல" என்றார்.

அதற்கும் சிரித்தேன் நான்.

பெரிய வெள்ளிக்கிழமை விஷயம் உடைந்தது. ஏசு பட்ட பாடுகளின் வாசகத்தை வருஷா வருஷம் அண்ணன்தான் வாசிப்பார். கோயில் முழுக்க ஆட்கள் நின்றுகொண்டு கேட்பார்கள். மூன்றாவது பத்தியில் குரல் அறுந்தது. இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. யாரோ ஒருவர் புத்தகத்தை வாங்கி வாசித்து முடித்தார். அண்ணன் பீடத்தருகில் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். அண்ணி பெண்கள் வரிசையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுடைய தம்பி வாயில் புற்று வந்து செத்துப்போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நாலு பேரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தோம். எப்போதிலிருந்து குரல் இப்படி என்று அவர் ஹிந்தியில் கேட்டார்.

"ஒரு மாசமா இருக்கும்" என்றாள் அண்ணி.

"ஈஸ்டருக்கு முன்னாடி சார், நோன்பு ஆரம்பிச்சப்போ" என்றேன் நான்.

"பிப்ரவரி ஒன்பது. புதன்கிழமை" என்றாள் ஸ்டெல்லா.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றார். ஸ்டெல்லாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ வடிந்துபோய்விட்டது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் யாராக இருந்தாலும் காட்டியிருக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மார்ச் தொடக்கத்தில் வந்திருந்தால் இந்தப் புற்றைக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தே சரிபண்ணப் பார்த்திருக்கலாம், குரல் மிஞ்சியிருக்கலாம் என்றார். இப்போது குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு, பேச்சு வராது என்றார். அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது இல்லை.

மே மாதம் ஆபரேஷன் நடந்த அன்று காரிடாரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா என்னைத் தனியாகக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"சித்தப்பா, நான்தான் தள்ளினேன்."

"இன்னாத்தம்மா?"

"டாடி ஃபைல். ஃபர்ஸ்ட் ரிஜெக்ட் பிப்ரவரி ஒன்பது. அதுக்கப்பறம் நூத்திப் பதினாலு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நானே டைப் பண்ணிருக்கேன். 'வாய்ஸ் ஹோர்ஸ்', 'வாய்ஸ் ஹோர்ஸ்', குரல் கரகரப்புன்னு. நூத்திப் பதினாலு வாட்டி எழுதினேன் சித்தப்பா. ஒரு வாட்டிகூட, இது எங்க டாடியாச்சே, ஏன் இப்படி இருக்குன்னு தோணல. டீம் லீட் அனுபமா மேடம்கிட்ட, 'வயசான ஆம்பளைக் குரல் கோட்டா லேட் ஆவுது'ன்னு சாரி சொன்னேன். டாடிகிட்ட சொல்லவேண்டிய சாரியை அவங்ககிட்டப் போய் சொன்னேன்!"

"எனக்கும்தானே தோணல. வாரா வாரம் பக்கத்துலியே உக்காந்துகினு இருந்தேன். மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்" என்றேன்.

"நீங்க காது வெச்சி சம்பாதிக்கல சித்தப்பா. நான் அதுல சம்பளம் வாங்கறேன்" என்றாள்.

குழாயைத் திறந்து அவள் முகத்தைக் கழுவச் சொன்னேன். அதுதான் முடிந்தது.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஓட்டை, அதை மூட ஒரு வெள்ளைத் துணி. மூக்குக் குழாய் வழியாகக் கேழ்வரகுக் கஞ்சி. இருமினால் கழுத்திலிருந்துதான் சத்தம் வரும். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் எழுத நன்றாக வரும். எனக்கும் அண்ணிக்கும் எழுதிக் காட்டுவார். ஸ்டெல்லாவுக்குத்தான் வழியில்லை. இங்கேயே கான்வென்டில் படித்தவள், தமிழ் பேசுவாளே தவிர ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. கம்பெனியிலும் அவள் பட்டியல் இங்கிலீஷ் எழுத்தில்தான் இருக்கும். அப்பா எழுதியதை அம்மா வாசித்துச் சொல்ல வேண்டும், இவள் தலையாட்ட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. என் பெண்டாட்டி சமைத்துக்கொண்டே, "டிவியாவது போடுங்க" என்பாள்.

ஜூனில் தமிழ் வேலை முடிந்துவிட்டது. என் காரிலிருந்த மைக்கையும் லேப்டாப்பையும் திங்கட்கிழமை திருப்பித் தரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பெட்டியிலதான் உங்க டாடி குரல் கீதே. ஒரே ஒரு தரம் போட்டுக் காட்டும்மா. எனக்கு மறந்துடும்போல கீது."

ஸ்டெல்லா அனுபமாவிடம் ஃபோனில் கெஞ்சினாள். அந்தம்மா கோயம்புத்தூர்க்காரர், நல்ல மாதிரி. "ரூல்படி கூடாது ஸ்டெல்லா. லேப்டாப்புல டிசம்பர் செஷன் ஒண்ணு அனுப்பி வெக்கிறேன், கேட்டுட்டு அழிச்சுரு" என்றார். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டாள்.

"ஜன்னலை இறக்கு." ஒரு டிக். "ஏசியைப் போடு." ஒரு டிக். "வீட்டுக்கு ஃபோன் பண்ணு." ஒரு டிக்.

அண்ணி கழுத்தை நீட்டிக் கேட்டாள். "யாரு இது?"

"டாடிதான் மம்மி."

"இல்லம்மா. உங்க டாடி இப்படிப் பேசமாட்டாரே. ஒரு பேரு சொல்லிக் கூப்பிடாம, ஒரு ராஜா போடாம... இது வேற யாரோ. நல்லா தேடிப் பாரு."

ஸ்டெல்லா லேப்டாப்பை மூடினாள். ஆறு மாதம் உட்கார்ந்து அவள் நறுக்கிப் போட்டதில்தான் அண்ணி தேடிய ஆள் இருந்தார். அது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திருப்பித் தருவதற்காக அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மெட்டுகூடா தாண்டியதும், "சித்தப்பா, சைனிக்புரி போங்க" என்றாள். மாதாப்பூருக்கு நேர் எதிர்த்திசை. ஏன் என்று கேட்டேன்.

"நல்ல ஃபைல் எல்லாம் கட் பண்ணிட்டேன். ரிஜெக்ட் ஃபைல் எதுவும் கட் பண்ணல. தள்ளினதைத் தொடவே மாட்டோம். முழுசா அப்படியே இதுல இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் அழிச்சிடுவாங்க. மம்மிக்கு ஒரு ராஜாவாவது கிடைக்கும்."

அதே வேப்பமரத்தடி. முதல் மழை முந்தின நாள்தான் பெய்திருந்தது. மண் நனைந்திருந்தது. இன்ஜினை அணைத்தேன். பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கப் போனேன். "இருங்க சித்தப்பா" என்றாள்.

மார்ச் ஒன்பதைப் போட்டாள். கரகரவென்று ஆரம்பித்தது. "ஏம்பா காரு, ஜன்னலை இறக்கு ராஜா." அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. எனக்கே அண்ணன் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பட்டியல் முழுக்கக் கேட்டோம். இருமல், பேப்பர் திருப்பும் சத்தம், மிளகு மிட்டாயைப் பிரிக்கும் சத்தம். பட்டியல் முடிந்து பேப்பரை மடியில் வைக்கும் சத்தம். பிறகு குரல் கிட்டத்தில் வந்தது.

"ஸ்டெல்லா... மைக்குல சொல்றேன்னு கோச்சிக்காதம்மா. வீட்டுல உங்கம்மா எதிர்ல சொல்ல முடியல. சொன்னா, அவ தம்பியை நெனச்சிகினு இப்பவே மாரடிச்சிக்குவா. இந்தத் தொண்டை பனியால வந்தது இல்லம்மா. உள்ள இன்னாமோ அடச்சிகினு கீது. எச்சி முழுங்கினா காது வரைக்கும் வலிக்குது. எனக்குப் பயமா கீது. ஸ்டெல்லா, சனிக்கிழமை லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ ராஜா."

அப்புறம் ஒரு காகம் கத்தியது. கதவு திறக்கும் சத்தம். "இன்னாணா, பிரெட்டா பிஸ்கட்டா?" என்று ஒரு மடையன் கேட்டான். அது நான்.

ஸ்டெல்லா அழவில்லை. அடுத்த புதனைத் தேடிப் போட்டாள். பட்டியலை ஓடவிட்டுக் கடைசிக்குப் போனாள்.

"ஸ்டெல்லா, போன வாரம் சொன்னேனே. வேலை ஜாஸ்தின்னு தெரியும். லீவு கேட்டா திட்டுவாங்களோ இன்னாவோ. பரவால்ல. இந்த சனிக்கிழமை முடிஞ்சா பாரு ராஜா."

அதற்கடுத்த புதன். "ஜன்னலை இறக்கு. ஏசியைப் போடு." ராஜா இல்லாத புதன், நான் கைதட்டிய புதன். கடைசிவரை போட்டோம். வாசித்து முடித்து, சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனின் மூச்சு மட்டும்தான் இருந்தது.

"பத்து செகண்டு" என்றாள் ஸ்டெல்லா. "ஆரம்பம் கரகரன்னா பத்து செகண்டுல தள்ளிடுவோம் சித்தப்பா. கடைசிவரைக்கும் யாரும் கேக்கமாட்டாங்க. நான் கேட்டுட்டேன்னு டாடி நெனச்சிகினு இருக்காரு. கேட்டுட்டும் நான் வரலன்னு."

எனக்கு டாக்டர் அறையில் பார்த்த அந்தப் பார்வை அப்போதுதான் புரிந்தது. மாதாப்பூருக்கு நான் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு லாலாகூடாவுக்கு விட்டேன்.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மடியில் முறத்தோடு அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கழுத்துத் துணியில் ஈரம் படாமல் அவ்வப்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இந்த நேரத்தில் மகள் திரும்பி வந்ததைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஸ்டெல்லா அவர் எதிரில் போய் மழையிலேயே நின்றாள்.

"டாடி, நான் கேக்கல டாடி. ஜீசஸ் சத்தியமா அது என் காதுக்கு வரவே இல்ல. கரகரன்னு இருந்துதுன்னு பத்து செகண்டுல தள்ளிட்டேன். சனிக்கிழமைன்னு நீ சொன்னது இன்னிக்குத்தான் கேட்டேன். கேட்டிருந்தா வேலையே வேணாம்னு வந்திருப்பேன் டாடி. கேட்டுட்டு சும்மா இருந்தேன்னு நெனச்சிட்டியா? மூணு மாசமா அப்படியா நெனச்சிகினு இருந்தே?"

அண்ணன் முறத்தைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்த சிலேட்டை எடுத்து மடியில் வைத்துப் பல்பத்தைப் பிடித்தார். ஒரு எழுத்து எழுதினார். அப்புறம் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து அண்ணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் வாயால் வாசிக்கவைக்க அவருக்கு மனமில்லை. எழுதியதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டுச் சிலேட்டைக் கீழே வைத்தார்.

வலது கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தார். காற்றை மெல்ல அமுக்கினார். பாரத்தை இறக்கு, மெல்ல இறக்கு.

அந்தச் சைகை ஸ்டெல்லாவுக்கும் தெரியும். சின்ன வயசில் ஒர்க்‌ஷாப் பூஜை நாளில் அவர் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள்தான்.

அண்ணன் இரண்டாம் தரம் காட்டினார். மூன்றாம் தரமும் காட்டினார். அவள் அசையவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வழிய, ராஜாவுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.